ஊர் மக்களின் திறமையை முதலாக வைத்து ஓர் ஆலயம் ஊரை முன்னேற்ற முடியுமா?

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் பங்குப் பேரவையில் இருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருப்பது இது: "ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் சேலையும் கொடுக்கிறோம். ஊர் அப்படியேதான் இருக்கிறது. வெளிப்பணத்தை நம்பாமல், ஊரில் ஏற்கெனவே இருக்கும் திறமைகளை வைத்தே வளர்ச்சிப் பணி செய்யலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையிலேயே எங்காவது அப்படி நடந்திருக்கிறதா? அதில் ஆலயத்துக்கு என்ன வேலை?"

நடந்திருக்கிறது. ஆனால் பயிற்சியில் காட்டும் வரிசையில் நடக்கவில்லை.

பயிற்சியில் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. சுவரில் பெரிய தாளை ஒட்டி, ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று வண்ணப் பேனாவால் எழுதச் சொல்லியிருப்பார்கள். வலை பின்னத் தெரிந்தவர்கள், எஞ்சின் பழுது பார்ப்பவர்கள், தையல் தெரிந்தவர்கள், கருவாடு போடுபவர்கள். தாள் நிரம்பியதும் கைதட்டல், அப்புறம் மதியச் சாப்பாடு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் க்ரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் இருவரும் 1993இல் வெளியிட்ட கையேட்டின் வழியாக உலகெங்கும் பரவிய முறை அது. குறைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு ஊருக்குள் நுழையாதே, இருப்பதைக் கணக்கெடு என்பது அதன் சாரம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் நம் கடற்கரையில் எந்த ஊரும் திறமையில்லாமல் ஏழையாகவில்லை. கரையில் தெரியும் மலையையும் ஆலயக் கோபுரத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் கடலடியில் மீன் திரளும் பாறைத்திட்டான பாரின் இடத்தைச் சொல்லிவிடும் மனிதருக்குத் திறமைப் பட்டியல் எதற்கு? பிடித்த மீனோடு கரையேறியதும் அதற்கு விலை சொல்பவர் வேறொருவர் என்பதுதான் அவருடைய சிக்கல். இதைச் சரியாகப் புரிந்துகொண்டு இறங்கிய இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இரண்டும் கத்தோலிக்க மீனவ ஊர்கள். ஒன்று மிகத் தொலைவில், மற்றொன்று உங்களுக்குப் பக்கத்தில்.

முதலாவது கனடாவின் கிழக்கு ஓரத்திலுள்ள நோவா ஸ்கோஷியா. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்களும் பிரெஞ்சு பேசும் அகாடியர்களும் மீன்பிடித்தும், நிலக்கரி வெட்டியும், சிறிய அளவில் பயிரிட்டும் பிழைத்த பகுதி. அங்கே ஆன்டிகோனிஷ் என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் துணைத்தலைவராக இருந்த ஜிம்மி டாம்ப்கின்ஸ் என்ற பாதிரியார், பல்கலைக்கழகம் தன் கதவைத் தாண்டி மீனவரிடமும் சுரங்கத் தொழிலாளியிடமும் போக வேண்டும் என்று 1921இல் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டுப் பரப்பினார். பல்கலைக்கழகங்களை ஒன்றாக இணைக்கும் திட்டத்தை ஆதரித்து ஆயரோடு மோதினார். விளைவு, 1922 முடியும் நேரத்தில் கான்சோ என்ற மீனவ ஊருக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். 'தண்டனை மாற்றம்' என்று நம் அரசு ஊழியர்கள் சொல்வார்களே, அதேதான். அந்தத் தண்டனை இல்லாமல் போயிருந்தால் இந்த இயக்கமே பிறந்திருக்குமா என்பது சந்தேகம்.

கான்சோவில் அவர் ஆரம்பித்தது பேச்சும் படிப்பும்தான். படகுத்துறையில் போய் நின்று மீனவரிடம் கேள்வி கேட்பார், கையில் ஏதாவது படிக்கக் கொடுப்பார், மறுபடி சந்திக்கும்போது படித்தாயா என்று விடாமல் பிடிப்பார். 1927 ஜூலை 1ஆம் தேதி கனடாக் கூட்டமைப்பு தன் 60ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, கொண்டாட எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கான்சோ மீனவர்கள் கூடிக் கேட்டார்கள். செய்தி நாளிதழ்களுக்குப் போயிற்று, பாதிரியார்கள் சேர்ந்துகொண்டார்கள், அரசு விசாரணை ஆணையம் அமைக்க நேர்ந்தது. மீனவர்கள் கூட்டுறவாக அணிதிரள வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரைகளில் ஒன்று. 1928இல் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கென்று விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் மோசஸ் கோடி, டாம்ப்கின்ஸின் உறவினர், அவரும் பாதிரியார். கடற்கரையெங்கும் சுற்றி மீனவர்களைத் திரட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1930இல் மாகாண எல்லைகளைத் தாண்டிய மீனவர் கூட்டமைப்பு உருவாயிற்று.

அவர்கள் வேலை செய்த முறைதான் உங்களுக்கு முக்கியம். முதலில் ஊர்க்கூட்டம். கோடி பெரிய உருவம், பெரிய குரல், கூட்டத்தை உலுக்கிவிடுவார். ஆனால் கூட்டம் முடிந்ததும் சங்கம் பதிவு செய்வதில்லை, நிதி திரட்டுவதில்லை. எட்டுப் பத்துப் பேராகப் பிரிந்து, யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் வாரம் ஒருமுறை கூடிப் படிக்க வேண்டும். படிப்புக்குரிய தாள்களைப் பல்கலைக்கழகம் அனுப்பும். படிக்கத் தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர்கள் விவாதிப்பார்கள். இந்தச் சமையலறைக் குழுக்களின் எண்ணிக்கை 1930களின் இறுதிக்குள் ஆயிரத்தைத் தாண்டியது. விவாதித்தது என்ன? பொதுவான தன்னம்பிக்கைப் பேச்சல்ல. இங்கே வியாபாரியிடம் சில சென்ட்டுகளுக்குக் கொடுக்கும் சிங்கி இறால் பாஸ்டன் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? நடுவில் யார் யார் கை வைக்கிறார்கள்? அந்த ஒவ்வொருவரும் செய்யும் வேலையில் நம்மால் முடியாதது எது?

கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த இடத்தில்தான் ஊரின் திறமை கணக்கில் ஏறியது. கான்சோவுக்கு அருகில் லிட்டில் டோவர் என்ற ஊர், பாறை நிலம், மிகுந்த வறுமை. சிங்கி இறாலைப் பதப்படுத்தித் தகரத்தில் அடைக்கும் கொட்டகையைத் தாங்களே கட்டுவது என்று அந்த ஊர் முடிவு செய்தது. மரத்தைத் தாங்களே வெட்டி இழுத்து வந்தார்கள், கூலி இல்லாமல் கட்டினார்கள், இயந்திரத்துக்கு மட்டும் சிறிய கடன். அந்தக் கடனை அடைத்தும் விட்டார்கள். படகு கட்டத் தெரிந்தவனுக்குக் கொட்டகை கட்டத் தெரியாதா? அதுவரை அவனுக்கு அப்படி ஒரு கொட்டகை தேவை என்ற கணக்கு தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். பசுவுக்குப் புல் முளைக்காத அந்தப் பாறையில் குழந்தைகளின் பாலுக்கு வெள்ளாடு வளர்க்கலாம் என்று ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்ததும் டாம்ப்கின்ஸ்தான்.

பணத்துக்கு வழி 1932இல் வந்தது. கடன் சங்கங்களுக்கான சட்டத்தை மாகாண அரசு அந்த ஆண்டில் இயற்றியது. சில்லறைச் சேமிப்பிலிருந்து ஊருக்குள்ளேயே கடன், தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுப்பது. பிறகு டாம்ப்கின்ஸ் ரிசர்வ் மைன்ஸ் என்ற சுரங்க ஊருக்குப் போனார். அங்கே நிலக்கரித் தொழிலாளர்கள் வாடகைக் குடியிருப்பை விட்டு வெளியேறித் தங்கள் கையாலேயே வீடு கட்டினார்கள். அடித்தளம் தோண்டுவதற்கு முன் மாதக்கணக்கில் வீட்டுக்கடன், வட்டி, வரைபடம் என்று படித்து, அட்டையில் மாதிரி செய்து பார்த்தார்கள். 1938இல் உருவான அந்தக் குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

இதில் திருச்சபை என்ன கொடுத்தது? பணம் மிகக் குறைவு. ஆள் கூட்டும் வலிமையைக் கொடுத்தது. ஞாயிறு பூசைக்குப் பின் அறிவித்தால் மாலையில் கூட்டம் சேரும். ஒருவரையொருவர் நம்பாத குடும்பங்கள்கூடப் பாதிரியாரின் சொல்லுக்காக ஒரே மேசையில் உட்காரும். அதைவிடப் பெரியது பாதுகாப்பு. வியாபாரிக்கு எதிராக மீனவர் அணிதிரண்டால் பொதுவுடைமைக்காரன் என்று முத்திரை குத்துவது அந்தக் காலத்தில் எளிது. பாதிரியார் முன்னால் நிற்கும்போது அப்படிக் குத்த முடியாது. (ஆயர்கள் இதை அனுமதித்ததற்கு, சுரங்கப் பகுதியில் இடதுசாரித் தொழிற்சங்கம் வேரூன்றிவிடுமோ என்ற அச்சமும் காரணம். நல்ல காரியங்கள் எப்போதும் நல்ல காரணங்களுக்காக மட்டுமே அனுமதிக்கப்படுவதில்லை.) மூன்றாவதாக, திருச்சபை எதையும் தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. கூட்டுறவுகள் கத்தோலிக்கக் கூட்டுறவுகள் அல்ல, சீர்திருத்தச் சபையினரும் உறுப்பினர்கள். மதச்சார்பின்றி உறுப்பினர் சேர்ப்பது கூட்டுறவு நெறி என்பதில் கோடி உறுதியாக இருந்தார். நம் ஊர்களில் இந்த மூன்றாவதுதான் கடினம்.

கோடி 1959இல் இறந்தார். அதே ஆண்டில் அவர் பெயரில் ஒரு பன்னாட்டுப் பயிற்சி நிறுவனத்தை அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்தியாவிலிருந்து பாதிரியார்களும் அருட்சகோதரிகளும் சமூகப் பணியாளர்களும் அங்கே போய்ப் படித்துத் திரும்பியிருக்கிறார்கள். உங்கள் பயிற்சியாளர் காட்டிய முறையை ஏழை நாடுகளின் ஊர்களுக்கேற்ப வளர்த்தெடுத்ததிலும் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது இடம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள மரியநாடு. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா காலத்தில், 1960களில், இடமில்லாத மீனவக் குடும்பங்களைத் திருவனந்தபுரம் மறைமாவட்டம் குடியமர்த்திய புதிய ஊர். சமூகப் பணியாளர்கள் சிலர் அங்கேயே வந்து தங்கினார்கள். அந்தக் காலத்தில் மீன்வள வளர்ச்சி என்றால் எல்லோர் கண்ணும் கொல்லத்தை அடுத்த நீண்டகரை மீதுதான். 1953இல் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் அங்கே எஞ்சின் படகு, பனிக்கட்டி ஆலை என்று கொண்டுவந்தது. கடைசியில் அது இறால் ஏற்றுமதிக்கும் இழுவைப் படகுக்கும் வழிதிறந்தது. லாபம் முதலாளிகளிடம் போயிற்று. கட்டுமரக்காரர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். வெளியிலிருந்து திறமையையும் கருவியையும் இறக்குமதி செய்த வளர்ச்சிக்கு அது பாடப்புத்தக உதாரணம்.

மரியநாட்டில் எதிர்த்திசையில் போனார்கள். பிடிக்கும் திறமை இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம், கரையில் நடக்கும் ஏலத்தைப் பார்ப்போம் என்றார்கள். ஏலத்தின் சூட்சுமம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வலைக்கும் கட்டுமரத்துக்கும் முன்பணம் கொடுத்த தரகரிடம்தான் மீனைக் கொடுத்தாக வேண்டும், விலை அவர் வைத்தது, வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எனவே கடனை விட்டுவிட்டு விற்பனையை மட்டும் மாற்ற முடியாது. மரியநாட்டுச் சங்கமும் அதைப் பின்பற்றிய சங்கங்களும் விற்பனை, கடன், சேமிப்பு மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டன. உறுப்பினர் பிடிக்கும் மீன் முழுவதும் சங்கத்தின் ஏலத்தில்தான் விற்க வேண்டும். விற்ற தொகையில் குறிப்பிட்ட விழுக்காடு கடனுக்கு, குறிப்பிட்ட விழுக்காடு அவருடைய சேமிப்புக்கு, சிறு பங்கு சங்கச் செலவுக்கு.

கடன் தவணை பிடித்த மீனின் விழுக்காடாக இருப்பதைக் கவனியுங்கள். மீன் படாத நாளில் தவணையும் இல்லை. ஆடி மாதக் கடலில் போக முடியாமல் மரம் கரையில் கிடக்கும்போது வங்கி அனுப்பும் நோட்டீஸ் இங்கே வராது. நிறையப் பட்டால் கடன் விரைவில் அடையும். கடல் தொழிலின் இயல்பை அறிந்தவர்கள் மட்டுமே இப்படிக் கணக்கு வகுக்க முடியும். என்னைக் கேட்டால், ஊரின் திறமையைப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தையல் வகுப்பு நடத்துவதெல்லாம் இதற்கு முன்னால் மிகச் சிறியது.

இப்படி உருவான ஊர்ச் சங்கங்கள் மாவட்டக் கூட்டமைப்புகளாகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்ற மேலமைப்பை எட்டின. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் இந்தப் பணிக்குத் தோள் கொடுத்தது. கட்டுமரத்துக்கேற்ற மென்மரம் அரிதாகி விலை ஏறியபோது, பெல்ஜியத்திலிருந்து வந்த பொறியாளர் பியர் ஜில்லே முட்டத்தில் ப்ளைவுட் படகுகளை உருவாக்க முயன்றார். முதல் முயற்சிகள் எளிதில் எடுபடவில்லை. அலையை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கவும் மணலில் ஏறவும் படகு எப்படி இருக்க வேண்டும் என்பது கரையிலுள்ளவர்களுக்குத்தான் தெரியும். மீண்டும் மீண்டும் திருத்திய பிறகே ப்ளைவுட் படகு இந்தக் கடற்கரையில் நிலைத்தது. வந்தவரின் பொறியியலும் ஊராரின் கைப்பழக்கமும் ஒரே படகில் ஏறிய அரிதான நிகழ்வு அது.

இனி, இந்தக் கதைகளின் மறுபக்கம். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பயிற்சியாளர்தான்.

பெண்கள். கடற்கரைச் சங்கங்களில் உறுப்பினர் என்றால் கடலுக்குப் போகும் ஆண். ஆனால் மீனைத் தலையில் சுமந்து, வீடு வீடாகவும் சந்தையிலும் விற்று, யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று எழுதாமலே நினைவில் வைத்திருக்கும் பெண்ணின் திறமை எந்தத் தாளில் ஏறியது? திருவனந்தபுரத்தில் மீன் கூடையோடு வரும் பெண்களை பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். போராடித்தான் தங்களுக்கென்று தனி பஸ் பெற்றார்கள். கையால் வலை பின்னிச் சம்பாதித்த பெண்களின் வேலையை நைலான் வலை இயந்திரங்கள் பறித்துக்கொண்டன. நோவா ஸ்கோஷியாவிலும் சமையலறைக் குழுக்களையும் நூலகத்தையும் சுமந்தவர்களில் பெரும்பகுதி பெண்களும் அருட்சகோதரிகளும். மேடையில் நின்றவர்கள் பாதிரியார்கள். அங்கிருந்த கறுப்பினத்தவருக்கும் மிக்மாக் பழங்குடியினருக்கும் இயக்கத்தின் பலன் போய்ச் சேர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

காலமும் இருக்கிறது. கனடாவில் 1930இல் உருவான அந்த மீனவர் கூட்டமைப்பு 1988இல் திவாலாயிற்று. 1992இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிக்கவே தடை வந்தது, ஏனென்றால் மீனே இல்லை. கப்பல்கள் வாரிக்கொண்டு போய்விட்டன. திறமையும் இருந்து, விலை சொல்லும் உரிமையும் கிடைத்து, கடல் காலியானால் என்ன செய்வது? ஊருக்குள் இருப்பதை வைத்தே எல்லாம் முடியும் என்று சொல்லும்போது இது மறந்துபோகிறது. அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்டே ஆக வேண்டும். கேரளத்தில் மழைக்கால இழுவை மடித் தடை 1988இல் வந்தது, பட்டினிப் போராட்டமும் மறியலும் நடத்திய பின்புதான்.

மற்ற சமயங்களில் இப்படி இல்லையா என்று நினைக்கலாம். நிறைய உண்டு. இலங்கையில் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தன் மாணவர்களைத் தாழ்த்தி ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் கனத்தொளுவ கிராமத்துக்கு உழைப்புத் தானத்துக்காக அழைத்துப் போனார். பௌத்த நெறியில் ஊன்றிய சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அவர்களுடைய பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் தீப்பெட்டியளவு அரிசி கொண்டுவருவார்கள். வாங்குபவராக மட்டுமே பழகிய வீடும் கொடுக்கும் வீடாகிவிடும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் பெண்கள் ஒவ்வொரு சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் வழக்கம் 1910இலிருந்து நடக்கிறது. அதன் வருமானம் இன்று கோடிகளில். நம் பிடியரிசி வழக்கமும் இதே குடும்பம்தான். ஆனால் பிடியரிசி ஒரு நிறுவனத்தைத் தாங்கும், ஏலத்தை மாற்றாது. அதனால்தான் இரண்டு மீனவ ஊர்களோடு நின்றுகொண்டேன்.

உங்கள் பங்குக்கு வருவோம். அரிசியும் சேலையும் கொடுப்பதை உடனே நிறுத்தச் சொல்லமாட்டேன். பெற்றுக்கொள்ள வருபவரிடம் கேட்கும் கேள்வியை மட்டும் மாற்றலாம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு மெத்தடிஸ்ட் ஆலயம் உணவுப்பொருள் கேட்டு வருபவர்களிடம் வருமானம் என்ன, கடன் என்ன என்று கேட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தது. பிறகு உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், யாருக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்று கேட்க ஆரம்பித்தது. நன்றாகச் சமைப்பேன் என்ற பெண்ணிடம் ஆலய ஊழியர்களுக்குச் சமைத்துத் தரச் சொன்னார்கள், பணம் கொடுத்து. அதுதான் முக்கியம், பணம் கொடுத்து. அடுத்தடுத்து வெளிச் சமையல் வேலைகள் வந்து, அவர் உணவகமே திறந்தார்.

அதோடு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு பருவம் முழுக்க, உங்கள் கரையில் விழும் நெத்திலிக்கோ கணவாய்க்கோ, கரை ஏல விலை என்ன, தரகு எவ்வளவு, பனிக்கட்டிச் செலவு எவ்வளவு, அதே நாளில் நாகர்கோவில் சந்தையில் என்ன விலை என்று எழுதுங்கள். எழுதுபவர்களில் பாதிப் பேர் மீன் விற்கும் பெண்களாக இருக்கட்டும், அவர்களுக்குத்தான் இரண்டு முனை விலையும் தெரியும். உங்கள் ஊரில் மீனிலிருந்து ஆலயத்துக்குப் போகும் குத்தகை இன்னும் இருந்தால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த வரியை எழுதும் துணிவு பங்குப் பேரவைக்கு வந்த பிறகே மற்ற வரிகளை ஊர் நம்பும்.

நோட்டு நிறைந்தபின் சங்கம் தேவையா என்று ஊரே சொல்லும். அப்போது பதிவு பற்றி ஒரு சொல். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவது எளிது, ஆனால் அது வணிகத்துக்கென்று வந்த சட்டமல்ல. 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் விற்பனைக்கும் கடனுக்கும் பொருந்தும், ஆனால் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தின் இடத்தில் தனி அலுவலர் வந்து உட்காரும் நிலையும் வரலாம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம், கணக்கு வேலை கூடுதல். எதைத் தேர்ந்தாலும் பங்குத்தந்தையைத் தலைவராக்காதீர்கள். சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றம் வரும், அடுத்து வருபவருக்கு இதில் ஆர்வம் இருக்கும் என்ற உறுதி இல்லை. அவர் கூட்டத்தைக் கூட்டட்டும், வியாபாரிகள் மிரட்டினால் முன்னால் நிற்கட்டும். வங்கிக் காசோலையில் கையொப்பமிடுபவர்கள் உறுப்பினர்களாகவும், அவர்களில் ஒருவராவது மீன் விற்கும் பெண்ணாகவும் இருக்க வேண்டும்.